கண்ணாடியிழை ஃபின்: தகடு அடுக்குவது முதல் ஃபாயில் சீவுவது வரை

அலைச்சறுக்குப் பலகையின் வால்பகுதியில் அடிப்புறமாக நிற்கும் ஃபினுக்கு இரண்டு வேலைகள் உண்டு. பலகை பக்கவாட்டில் வழுக்கிப் போகாமல் பிடித்து நிறுத்துவது ஒன்று. சறுக்குபவர் தம் எடையை ஒருபுறம் சாய்க்கும்போது, ஃபினின் இருபுறமும் ஓடும் நீரின் அழுத்த வேறுபாட்டைக் கொண்டு பலகை திரும்ப உதவுவது மற்றொன்று. முதல் வேலைக்குத் தட்டையான ஒரு துண்டே போதும்; 1935இல் அமெரிக்க அலைச்சறுக்கு வீரர் டாம் பிளேக் ஹவாயின் வைகிகிக் கடற்கரையில் ஒரு விசைப்படகின் அடிக்கட்டையை எடுத்துத் தம் பலகையில் பொருத்தியபோது கிடைத்த பயன் பெரும்பாலும் அதுதான். இரண்டாவது வேலைக்கு, நீரைக் கலக்காமல் பிரித்துக் கலக்காமல் சேர்த்து அனுப்பும் ஒரு வளைவு தேவைப்படுகிறது. முன்விளிம்பில் உருண்டு, சற்றுப் பின்னே தடித்து, பின்விளிம்பை நோக்கிப் படிப்படியாக மெலியும் அந்தக் குறுக்குவெட்டைத்தான் ஃபாயில் என்கிறோம்.

கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவைச் சேர்ந்த ஜார்ஜ் கிரீனோ, 1960களில் சூரை மீனின் வாலை முன்மாதிரியாகக் கொண்டு, அடியில் அகன்று நுனியில் குறுகி வளைந்துகொடுக்கும் கண்ணாடியிழை ஃபின்களைத் தம் கையால் செய்தார். ஆஸ்திரேலியரான நாட் யங் 1966இல் சான் டியேகோவில் உலகப் பட்டத்தை வென்ற பலகையின் அடியில் இருந்ததும் அவ்வழியில் வந்த ஃபின்தான். அறுபது ஆண்டுகள் கடந்தும் அந்த வேலைமுறையில் அடிப்படையான மாற்றம் எதுவும் இல்லை: கண்ணாடியிழைத் துணியை ரெசினில், அதாவது இறுகிக் கெட்டியாகும் திரவப் பசையில், நனைத்து அடுக்கித் தகடாக்க வேண்டும், தகட்டை வடிவத்துக்கு வெட்ட வேண்டும், பின்பு வேண்டாததை எல்லாம் சீவி எடுத்துவிட வேண்டும்.

வீட்டில் ஃபின் செய்ய முனைபவர்கள் வெளிவடிவத்தை வரைவதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட ஃபாயிலில் காட்டுவதில்லை. அது எனக்கு வருத்தம் தரும் விஷயம். ஏனென்றால், அடுக்கடுக்காகச் செய்த தகட்டைச் சீவும்போது ஒவ்வோர் அடுக்கின் ஓரமும் ஒரு கோடாக மேலே தெரியும். எந்த இடத்தில் எவ்வளவு எடுத்திருக்கிறோம், இனி எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதையெல்லாம் அந்தக் கோடுகளே காட்டிவிடும். விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் சரியான ஃபாயிலை அடைவதற்கு அவற்றைப் படிக்கத் தெரிந்தால் போதும். இந்த வழிகாட்டியில் தகடு செய்யும் பகுதியே நீளமாக இருப்பதற்கும் காரணம் அதுதான்: அடுக்குகள் ஒழுங்காக அமைந்தால்தான் கோடுகளை நம்ப முடியும்.

முதல் ஃபினும் அதன் அளவுகளும்

முதன்முதலில் செய்வதற்கு, நீளப் பலகையின் பெட்டியில், அதாவது ஃபினைச் செருகுவதற்கென அடிப்புறத்தில் பதித்த நீண்ட பள்ளத்தில், பொருந்தக்கூடிய ஒற்றை நடு ஃபினையே பரிந்துரைக்கிறேன். அதன் இருபுறமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பதால், ஒருபுறத்தை மறுபுறத்தோடு ஒப்பிட்டே பிழையைக் கண்டுபிடித்துவிடலாம். 23 செ.மீ. உயரம், அடியில் 16.5 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான நீளப் பலகைகளுக்குப் பொருந்தும்.

வெளிவடிவத்துக்குத் தெரிந்த ஃபின் ஒன்றைப் படியெடுப்பதில் தவறில்லை. ஃபின் எவ்வளவுக்குப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறதோ அவ்வளவுக்குத் திருப்பம் நீண்டு அகலமாக வரும். நேராக நிமிர்ந்து நின்றால் திருப்பம் குறுகும். உயரமும் பரப்பும் கூடினால் பிடிப்பு கூடும், பலகையைத் தளர்த்தித் திருப்புவது கடினமாகும். அடிப்பகுதியில் பெட்டிக்குள் இறங்கும் நாக்குப் பகுதியை மட்டும் கற்பனையில் வரையக் கூடாது. உங்கள் பெட்டியில் ஏற்கெனவே பொருந்தியிருக்கும் ஃபினைக் கழற்றி, நாக்கின் நீளம், ஆழம், தடிமன் ஆகியவற்றை வெர்னியர் காலிப்பரால் அளந்து அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். பரவலாகக் கிடைக்கும் நீளப் பெட்டிகளின் பள்ளம் சுமார் 9.5 மி.மீ. அகலம் கொண்டது.

தடிமனுக்கு நான் வைத்துக்கொள்ளும் இலக்கு இது: அடியில் 9.5 மி.மீ., பாதி உயரத்தில் 6 முதல் 6.5 மி.மீ., நுனிக்கு இரண்டு செ.மீ. கீழே 3 மி.மீ. ஒரு தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறும் என்பதை இங்கே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 8 மி.மீ. இருந்த இடத்தை 6 மி.மீ. ஆக்கினால் கால்பங்கு விறைப்பு குறைவதில்லை. பாதிக்கும் மேல் போய்விடுகிறது. ஆகவே நுனிக்கருகே அரை மில்லிமீட்டர் எடுப்பதும் அடியில் அரை மில்லிமீட்டர் எடுப்பதும் ஒன்றல்ல.

துணியும் ரெசினும்

தேவைப்படுவது சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள நெய்த கண்ணாடியிழைத் துணி. அலைச்சறுக்கு உலகில் ஆறு அவுன்ஸ் துணி என்று சொல்லப்படுவது இதுதான். தமிழகக் கடற்கரையில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கோவளம், மாமல்லபுரம் பக்கத்து மீனவக் கிராமங்களில் ஃபைபர் படகுகளைப் பழுதுபார்ப்பவர்கள் ரெசின் வேலையை நன்கு அறிந்தவர்கள். அவர்கள் வாங்கும் கடைகளிலேயே ரெசினும் துணியும் கிடைக்கும். ஆனால் படகு வேலையில் அதிகம் பயன்படுவது, துண்டு இழைகளைச் சிதறி ஒட்டிய மேட். ஃபினுக்கு அது ஆகாது. அது நெய்த துணியைவிட மிகுதியாக ரெசினைக் குடிக்கும், வலிமை குறைவு, சீவும்போது ஒழுங்கான கோடுகளைத் தராது. மேலும் அந்த இழைகளை ஒட்டியிருக்கும் பசை பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீனில் கரையக் கூடியது; மற்றொரு ரெசின் வகையான எபாக்ஸியில் ஸ்டைரீன் இல்லாததால் மேட் அதில் சரியாக நனையாது. கடைக்காரர் எதை எடுத்துக் கொடுத்தாலும், நெய்த துணி வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

பாலியெஸ்டர் மலிவானது, தெளிவானது, விரைவில் இறுகும். எபாக்ஸி வலிமையானது, மணம் குறைந்தது, விலை கூடியது. இரண்டிலும் நல்ல ஃபின் செய்யலாம். எபாக்ஸியில் ரெசினும் அதை இறுகச் செய்யும் ஹார்டனரும் தயாரிப்பாளர் சொன்ன விகிதத்திலேயே கலக்கப்பட வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் அது என்றுமே முழுதாக இறுகாது. பாலியெஸ்டரில் இறுகலைத் தொடங்கிவைக்கும் கேட்டலிஸ்டின் அளவை வெப்பநிலைக்கு ஏற்ப எடையில் 1 முதல் 2 விழுக்காடு வரை மாற்றலாம். சென்னை வெயிலில் ஒரு விழுக்காட்டை ஒட்டியே நிற்பது நல்லது.

இந்தியாவில் பாலியெஸ்டர் ரெசின் வாங்கும்போது ரெசின், இறுகலை விரைவாக்கும் கோபால்ட் ஆக்சிலரேட்டர், கேட்டலிஸ்ட் என்று மூன்றாகத் தருவது வழக்கம். ஆக்சிலரேட்டரையும் கேட்டலிஸ்டையும் ஒருபோதும் நேரடியாகச் சேர்க்கக் கூடாது. சேர்ந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். முதலில் ஆக்சிலரேட்டரை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கிவிட்டு, அதன்பின் வேறு குச்சியால் கேட்டலிஸ்டைக் கலக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே அளவுக்குப்பியைப் பயன்படுத்துவதும் ஆபத்து. கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் தெறித்தாலும் பார்வையைப் பறிக்கக் கூடும். பக்கமும் மூடிய கண்ணாடி அணியாமல் அந்தக் குப்பியைத் திறக்காதீர்கள். தெறித்துவிட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிக்கொண்டே இருந்து, உடனே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். ரெசின் வேலைக்குக் கரிம ஆவியை வடிக்கும் கெட்டி பொருத்திய முகமூடியும், சீவும் வேலைக்கு நுண்தூசியை வடிக்கும் முகமூடியும் வேண்டும். முகத்தில் கட்டும் கைக்குட்டை இரண்டுக்குமே பயன்படாது.

தகடு

30 செ.மீ. சதுரமான தகடு ஒன்று ஒரு ஃபினுக்குப் போதுமானது. எத்தனை அடுக்குகள் என்பதைக் கணக்கிட்டே சொல்லிவிடலாம். கண்ணாடியின் அடர்த்தி 2.54, இறுகிய பாலியெஸ்டரின் அடர்த்தி சுமார் 1.2. துணியின் எடைக்குச் சமமான எடையில் ரெசின் தங்குமானால், 200 கிராம் துணியின் ஓர் அடுக்கு ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் வரும். ஆகவே நாற்பது அடுக்குகள் அடுக்கினால் 9.8 மி.மீ.; பெட்டியில் பொருத்தித் தேய்க்கத் தேவையான சிறு மிச்சமும் அதற்குள் அடங்கும். இதற்கு 720 கிராம் துணியும் அதே அளவு ரெசினும் செலவாகும். சிந்துவதையும் பாத்திரத்தில் ஒட்டுவதையும் சேர்த்து ஒரு கிலோ ரெசின் வாங்கிவைப்பது சரியாக இருக்கும்.

துணிகளை முன்கூட்டியே வெட்டி, எண்ணி, வரிசைப்படுத்திவிட வேண்டும். ரெசினைக் கலக்கியபின் கத்தரிக்கோலைத் தேடக் கூடாது. இழைகள் அடியிலிருந்து நுனிக்கும், முன்னிருந்து பின்னுக்கும் ஓடுமாறு வெட்டிய துணிகளுக்கிடையே, மூன்றுக்கு ஒன்றாக 45 பாகை சாய்த்து வெட்டிய துணியையும் வைக்க வேண்டும். ஃபின் முறுகாமல் தடுப்பவை இந்தச் சாய்ந்த அடுக்குகள்தான். இதில் பலரும் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு. இருபுறமும் சீவும்போது வெளியடுக்குகள் அடிப்பகுதியில் மட்டுமே எஞ்சுகின்றன. நுனிவரை போய்ச் சேர்பவை நடுவிலுள்ள பத்துப் பன்னிரண்டு அடுக்குகளே. ஆகவே இழை நேராக உள்ள, மடிப்பில்லாத, மிக நல்ல துணிகளை நடுவுக்கு ஒதுக்கிவையுங்கள். நடுவில் சிக்கும் காற்றுக்குமிழி ஃபினின் முழு உயரத்துக்கும் பலவீனம்.

இருபதாவது அடுக்குக்கு மட்டும் ரெசினில் சிறிது நிறமி கலந்துவிட்டால், தகட்டின் நட்ட நடுவே மெல்லிய வண்ணக்கோடு ஒன்று கிடைக்கும். பின்னால் சீவும்போது முன்விளிம்பும் பின்விளிம்பும் நடுவில் இருக்கின்றனவா என்று அந்தக் கோட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். அழகுக்காகச் சேர்ப்பதுபோல் தோன்றினாலும், இந்த வேலையில் இதைவிடப் பயனுள்ள உத்தி எனக்குத் தெரியாது.

அடுக்குவதற்குத் தடித்த கண்ணாடியோ சன்மைக்கா ஒட்டிய பலகையோ வேண்டும்; வளைவற்றதா என்று நேர்விளிம்பு வைத்துச் சோதித்துவிட்டு, ஒட்டாமலிருக்க மெழுகை மூன்று முறை பூசித் துடைத்துக்கொள்ளுங்கள். முதலில் ரெசினைத் தளத்தில் பரப்பி, அதன்மேல் துணியை இறக்க வேண்டும். ரெசின் கீழிருந்து மேலே ஊறி வரும்போது காற்றும் அதனுடன் வெளியேறிவிடும்; மேலிருந்து ஊற்றினால் காற்று அடியிலேயே அடைபடும். நனைந்த துணி வெண்மை இழந்து கண்ணாடிபோல் தெளியும். வெண்மை எங்கே எஞ்சியிருக்கிறதோ அங்கே காற்று இருக்கிறது. ரப்பர் தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளி அதை வெளியேற்றுங்கள். மிகையான ரெசினையும் அதே போக்கில் வழித்துவிடுங்கள்.

ஒரே மூச்சில் நாற்பதையும் அடுக்க வேண்டாம். ரெசின் இறுகும்போது வெப்பத்தை வெளிவிடும். தடித்த அடுக்கில் அந்த வெப்பம் வெளியேற வழியின்றித் தகடு வெடிக்கவோ வளையவோ கூடும். பத்துப் பத்தாக அடுக்கி, ஒவ்வொரு தொகுதியும் இறுகி, தொட்டால் சூடு தெரியாத நிலைக்கு வந்தபின் அடுத்ததைத் தொடங்குவது பாதுகாப்பானது. கலக்கிய ரெசினை ஆழமான குவளையில் வைத்திருக்காமல் அகன்ற தட்டில் ஊற்றிக்கொண்டால் அதுவும் சூடேறாமல் இருக்கும். மெழுகு கலக்காத பாலியெஸ்டராக இருந்தால் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நிற்கும்; அதன்மேல் நேரடியாக அடுத்த தொகுதியை அடுக்கலாம். எபாக்ஸி முழுதாக இறுகிவிட்டால், மேலே படியும் வழவழப்பான படலத்தை நீரில் கழுவித் துடைத்து, உப்புத்தாளால் சொரசொரப்பாக்கிய பிறகே தொடர வேண்டும்.

முதல் பத்து அடுக்குகள் இறுகியதும் ஓரத்தில் காலிப்பரை வைத்துப் பாருங்கள். 2.5 மி.மீ. காட்டினால் ரெசின் அளவு சரி. 3.3 மி.மீ. காட்டினால் துணியின் எடையைவிட ஒன்றரை மடங்கு ரெசின் தங்கியிருக்கிறது என்று பொருள். தகடு கனமாகவும் நொறுங்குவதாகவும் இருக்கும். அடுத்த தொகுதியில் இன்னும் அழுத்தி வழிக்க வேண்டும். கடைசித் தொகுதிக்குமேல் பாலித்தீன் தாளை விரித்து, இன்னொரு தட்டையான பலகையை வைத்து, செங்கற்களை அடுக்கி அழுத்திவிட்டால் மேற்புறமும் சமமாக வரும்.

ஈரப்பதம் இந்த வேலைக்குப் பகை. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் துணி காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதை மூடிய பாலித்தீன் உறையில் வைத்திருந்து, வெயில் ஏறிய பிறகு வேலையைத் தொடங்குங்கள். தகட்டை இரண்டு மூன்று நாள் இறுக விட்ட பிறகே வெட்ட வேண்டும்.

வெட்டும் முன்பும் பின்பும்

வெளிவடிவத்தை மூன்று மி.மீ. பிளைவுட்டில் வெட்டி, ஓரங்களை அரத்தால் நேர்செய்து மாதிரியாக வைத்துக்கொண்டால் பின்னாளிலும் பயன்படும். அழியா மையால் தகட்டில் வரைந்து, கோட்டுக்கு வெளியே இரண்டு மி.மீ. விட்டு, உலோகம் வெட்டும் பிளேடு பொருத்திய ஜிக்சாவாலோ ஹேக்சாவாலோ வெட்டலாம். கண்ணாடியிழை பிளேடைச் சீக்கிரம் மழுக்கிவிடும் என்பதால் இரண்டு மூன்று பிளேடுகளைக் கையில் வைத்திருங்கள்.

ஃபாயிலைத் தொடும் முன், ஓரம் முழுவதும் கோட்டுக்குச் சரியாகவும், தகட்டின் முகத்துக்குச் செங்குத்தாகவும் தேய்ந்திருக்க வேண்டும். சீவிய பிறகு வெளிவடிவத்தைத் திருத்தினால் விளிம்பின் தடிமன் மாறிவிடும். நாக்குப் பகுதியையும் இப்போதே பெட்டியில் இறக்கிப் பாருங்கள்: கையால் அழுத்தினால் இறங்க வேண்டும், விட்டால் ஆடக் கூடாது. அதன் பின்புறம் குறுக்கே நிற்கும் பித்தளை ஊசிக்கும் முன்புறத் திருகுக்கும் துளையிடுவதும் இப்போதுதான் எளிது, ஏனெனில் தட்டையான தகடு மேசையில் ஆடாமல் நிற்கும்.

பிறகு இருபுறமும் ஒரு கோடு வரைய வேண்டும். ஒவ்வோர் உயரத்திலும் முன்விளிம்பிலிருந்து அகலத்தின் மூன்றில் ஒரு பங்கைக் குறித்துக்கொண்டு, அந்தப் புள்ளிகளை அடியிலிருந்து நுனிவரை இணையுங்கள். ஃபின் மிகத் தடிமனாக இருக்க வேண்டிய முகடு இது.

சீவுதல்

கிரைண்டர் வேலையைத் திறந்த வெளியில், காற்று உங்கள் முதுகிலிருந்து வீசும்படி நின்று செய்யுங்கள். நான்கு அங்குல ஆங்கிள் கிரைண்டரில் 40 அல்லது 60 எண் ஃப்ளாப் டிஸ்க் போதும். முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி, முகமூடி எல்லாம் கட்டாயம். தூசியை அடக்கத் தண்ணீர் தெளிக்கலாமே என்று தோன்றும். மின்கருவி ஓடும்போது அதை எண்ணியும் பார்க்கக் கூடாது. தண்ணீர் கைவேலைக்கு மட்டுமே. நாக்குப் பகுதியைத் தடித்த அட்டையால் சுற்றி, சி கிளாம்ப் இரண்டால் மேசை ஓரத்தில் இறுக்கிக்கொள்ளுங்கள். அடியில் மரத்துண்டைத் தாங்கலாக வைத்தால் நுனி அதிராது.

முதல் கட்டத்தில் வளைவைப் பற்றி நினைக்கவே வேண்டாம். அடியிலிருந்து நுனிக்குத் தகடு முழுவதும் சீராக மெலியும்படி, ஒரு நீண்ட ஆப்பாக, இருபுறமும் சமமாக எடுங்கள். அடியில் 9.5, பாதியில் 6.5, நுனிக்கருகே 3.5 என்று காலிப்பர் காட்டும்வரை இது தொடரும். இப்போது தெரியும் அடுக்குக் கோடுகள் ஃபினின் குறுக்கே ஏறக்குறைய இணையாக ஓட வேண்டும். இரண்டாவதாக, முகட்டிலிருந்து பின்விளிம்புக்கு ஒரே சரிவாக எடுத்து, விளிம்பில் இரண்டு மி.மீ. விட்டு நிறுத்துங்கள். மூன்றாவதாக, முகட்டிலிருந்து முன்விளிம்புக்குக் குறுகலான சரிவு. இங்கே மூன்று மி.மீ. விட வேண்டும். ஒருபுறம் ஒரு கட்டம் முடிந்ததும் உடனே மறுபுறமும் அதே கட்டத்தைச் செய்துவிடுங்கள். ஒருபுறத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபுறத்துக்குப் போனால் நடுக்கோடு தப்பிப் போகும்.

டிஸ்கைத் தட்டையாகப் படியவைத்து, அழுத்தாமல், நிற்காமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் பள்ளம் விழும். ரெசின் கருகி மணக்கத் தொடங்கினால் அழுத்தம் அதிகம் என்று அறிந்துகொள்ளலாம். கிரைண்டரால் முக்கால் வேலையை மட்டும் செய்யுங்கள். மீதியை, கட்டையில் சுற்றிய 60, 80 எண் உப்புத்தாளால் கையாலேயே முடிப்பதுதான் சரி. எடுத்த கண்ணாடியைத் திரும்ப வைக்க வழியில்லை.

கைவேலை தொடங்கியதும் கோடுகளே வழிகாட்டி. தேய்த்த பரப்பு வெண்மையாகப் பூத்துக் கோடுகளை மறைக்கும். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் அந்த வெண்மை மறைந்து, நிலப்படத்தில் மலைச்சரிவைக் காட்டும் உயரக்கோடுகளைப் போல, அடுக்குகளின் ஓரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிந்து எழும். படிக்கும் முறையும் நிலப்படத்துக்குரியதே. கோடுகள் நெருங்கினால் சரிவு செங்குத்து, விலகினால் சமதளம். ஒழுகிச் செல்லும் கோடு ஓரிடத்தில் சட்டென்று நெளிந்தால் அங்கே பள்ளமோ மேடோ இருக்கிறது. ஒரு கோடு தனக்குள்ளேயே மூடிக்கொண்டு தீவாக நின்றால் அது தனி மேடு அல்லது தனிக் குழி. விரல் நுனியால் தடவினால் எது என்று தெரிந்துவிடும். மேடானால் அதை மட்டும் தேய்க்கலாம். குழியானால் அதைத் தொடாமல் சுற்றியுள்ள பகுதி முழுவதையும் மெல்ல இறக்க வேண்டும்.

ஒவ்வொரு கோடும் கால் மில்லிமீட்டர் என்பதால் எண்ணியும் அளக்கலாம். முகட்டிலிருந்து பின்விளிம்புவரை இடப்புறம் எட்டுக் கோடுகளும் வலப்புறம் பத்துக் கோடுகளும் இருந்தால், வலப்புறத்தில் அரை மில்லிமீட்டர் கூடுதலாக எடுத்துவிட்டீர்கள் என்று பொருள். அப்போது பின்விளிம்பில் வண்ணக்கோடும் ஒருபக்கம் ஒதுங்கியிருக்கும். எண்ணிக்கையும் வண்ணக்கோடும் ஒரே செய்தியைச் சொல்லும்போது ஐயத்துக்கு இடமில்லை. மாலை வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் ஃபினைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பதும் உதவும். நடுப்பகல் வெளிச்சத்தில் மறைந்துவிடும் அலைவுகள் அப்போது நிழலாகத் தெரியும்.

முகட்டின் கூர்மையை உருட்டி, இரு சரிவுகளையும் ஒரே வளைவாக இணைத்த பிறகு விளிம்புகளுக்கு வரலாம். முன்விளிம்பு கத்திபோல் இருந்தால் ஃபின் வேகமாகப் போகும் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. உண்மையில், நீர் சற்றே கோணம் மாறி வந்தாலும் கூரிய விளிம்பில் ஓட்டம் பிரிந்து, பிடிப்பு சட்டென்று அறுந்துபோகும். உருண்ட விளிம்பு பல கோணங்களையும் தாங்கும். முட்டையின் நீண்ட முனையைப் போன்ற வளைவு கிடைக்கும்வரை, நாடாவாகக் கிழித்த உப்புத்தாளை விளிம்பின்மேல் முன்னும் பின்னும் இழுங்கள். பின்விளிம்பை ஒரு மி.மீ. அளவில், ஓரம் சதுரமாக நிற்கும்படி முடியுங்கள். அதைவிட மெலிந்தால் அடுக்குகள் உதிரும், காலையும் கிழிக்கும்.

பக்க ஃபின்கள்

மார்க் ரிச்சர்ட்ஸ் 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு உலகப் பட்டங்களை வென்ற இரட்டை ஃபின் பலகைகளும், சைமன் ஆண்டர்சன் 1980இல் உருவாக்கிய மூன்று ஃபின் பலகையும் பக்க ஃபின்களை நம்பியவை. இவற்றின் உட்புறம் தட்டையாக இருக்கும், வெளிப்புறம் மட்டுமே வளையும். 26 அடுக்குகள், அதாவது 6.5 மி.மீ. தகடு பொதுவாகப் போதும். நாக்கின் தடிமனை உங்கள் பலகையின் பொருத்தியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சீவும் முறை அதேதான், ஆனால் ஒருபுறம் மட்டும். எனவே நுனிவரை எஞ்சுபவை உட்புறத்தை ஒட்டிய அடுக்குகள். நல்ல துணியை அந்தப் பக்கத்தில் வைக்க வேண்டும். தகட்டில் வரையும்போது ஒரு ஃபினுக்கு மாதிரியைத் திருப்பிப்போட்டு வரைந்து, இடம், வலம், உள், வெளி என்று நான்கையும் எழுதிவிடுங்கள். இரண்டையும் ஒன்றாக மேசையில் வைத்து, கட்டம் கட்டமாகச் சேர்த்தே சீவினால் கோடுகள் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக வருகின்றனவா என்று பார்த்துக்கொண்டே போகலாம்.

பூச்சும் பொருத்துதலும்

120, 180, 240 எண் தாள்களில் வரிசையாகத் தேய்த்து, முந்தைய தாளின் கீறல் மறைந்த பிறகே அடுத்ததற்குப் போகவும். சீவியதால் இழைகளின் முனைகள் திறந்திருக்கும். நீர் உள்ளே ஊறாதிருக்க மெல்லிய ரெசின் பூச்சு ஒன்று தேவை. தகடு எபாக்ஸியில் செய்ததானால் பூச்சும் எபாக்ஸியாகவே இருக்கட்டும். இறுகிய எபாக்ஸியின்மேல் பாலியெஸ்டர் நன்றாகப் பிடிக்காது. பாலியெஸ்டர் பூச்சில் மெழுகுக் கரைசல் கலந்தால்தான் மேற்பரப்பு பிசுபிசுப்பின்றி இறுகும். பூசிய பிறகு ஃபினைப் பின்விளிம்பு மேலாக நிறுத்தி உலரவிடுங்கள். கீழாக வைத்தால் ரெசின் வழிந்து அங்கே திரண்டு, பாடுபட்டுச் சதுரமாக்கிய விளிம்பை உருண்டையாக்கிவிடும். எப்படி வைத்தாலும் சிறிதளவு திரளத்தான் செய்யும். இறுகியதும் விளிம்பைக் கட்டையில் சுற்றிய 240 எண் தாளால் மீண்டும் சதுரமாக்கி, பிறகு 400, 600 எண் வாட்டர் பேப்பரால் நீர் விட்டுத் தேய்த்து முடிக்கலாம். பளபளப்பு கண்ணுக்கு மட்டுமே. மங்கலாகத் தேய்த்த பரப்பும் நீரில் குறையின்றி ஓடும்.

பொருத்தும்போது, திருகுக்கான சிறு தகட்டை முதலில் பெட்டியின் பள்ளத்துக்குள் இறக்கி முன்பக்கம் நகர்த்திவிட்டு, ஊசியைப் பெட்டியின் நடுத் திறப்பில் விட்டுப் பின்னே தள்ளி, முன்பகுதியை அழுத்தித் திருகவும். முதல் முறை நடுப்பகுதியில் வைத்துச் சறுக்கிப் பாருங்கள். பின்னே தள்ளினால் பலகை நேர்க்கோட்டில் உறுதியாக ஓடும், முன்னே கொண்டுவந்தால் எளிதில் திரும்பும்.

வேகம் கூடும்போது ஃபின் ரீங்காரமிட்டால், பெரும்பாலும் பின்விளிம்பிலிருந்து சுழல்கள் மாறிமாறிப் பிரிந்து அதை அதிரச் செய்கின்றன என்று பொருள். முதலில் திருகு இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பின்விளிம்பை விரலால் தடவி, எங்கே தடித்தோ உருண்டோ இருக்கிறது என்று கண்டறிந்து, அந்தப் பகுதியைச் சதுரமாக்குங்கள். அப்படியும் ஒலி நிற்காவிட்டால், பின்விளிம்பின் ஒருபக்க ஓரத்தை மட்டும் இரண்டு மூன்று மி.மீ. அகலத்துக்கு மிக மெல்லச் சாய்வாகத் தேய்த்து, மறுபக்கத்தை அப்படியே விட்டுவிடுங்கள். இருபுறச் சுழல்களின் ஒழுங்கு குலைந்தாலே பெரும்பாலும் ஒலி அடங்கிவிடும். தேய்த்த இடத்தில் இழை தெரிந்தால், உப்புநீரைக் கழுவி நன்கு உலரவைத்த பிறகு, அங்கே மட்டும் ரெசினைத் தொட்டுப் பூசி மூட வேண்டும்.